துலாநாச்சியின் பூவாக்கு

இல்லீங்க தம்பி, இந்தப் பை மடியிலயே இருக்கட்டுமுங்க. மேல வெச்சா நசுங்கிப் போயிரும். உள்ள பெருசா ஒண்ணுமில்ல, ரெண்டு பூப் பொட்டலம். அரளிப்பூ. சாமிக்கான்னு கேக்கறீங்களா? சாமிக்குத்தான். ஆனா அந்தச் சாமி எந்தக் கோயல்லயும் இல்லீங்க. நான் எழுதின சாமி.

சிரிங்க, பரவால்ல. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்யறாங்க. நீங்க கரூருங்களா? நானு காங்கயத்துல எறங்கோணும். இப்பத்தான் சூலூரு தாண்டுது, நேரங் கெடக்குது, சொல்றேன். கேட்டுப்போட்டு தப்பு ஆரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. ஆடியில புடிச்சு மனசுக்குள்ளயே போட்டு உருட்டிட்டு இருக்கறேன், ஊட்டுல சொல்ல ஆளில்ல. ஊட்டுக்காரி பேசறதில்ல. பேசறான்னா, "சோறு இருக்குது", "மோட்டரு போட்டாச்சு", அவ்வளவுதான். அதெல்லாம் ஒரு பேச்சுங்களா?

எம்பேரு சென்னியப்பன். பம்பு கம்பெனில இன்ஸ்பெக்சன். வார்ப்படம் வந்து எறங்கும், தட்டிப் பார்க்கோணும், உள்ள ஊசித்தொள இருந்தா செவப்புச் சீட்டு, இல்லாட்டிப் பச்சச் சீட்டு. இருபத்தாறு வருசமா இதே வேல. நான் பச்ச ஒட்டின சரக்கு ஒண்ணு திரும்பி வந்ததில்ல தம்பி. எதுக்குச் சொல்றேன்னா, எனக்குச் சரின்னா சரி, தப்புன்னா தப்பு. நடுவால நின்னு வளவளன்னு பேசறது நம்மளுக்கு ஆகாது.

எங்க ஆட்டத்தப் பத்தி மொதல்ல சொல்லோணும், இல்லாட்டி உங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. கூத்து பார்த்திருக்கறீங்களா? வேசங் கட்டாம, உக்காந்த எடத்துலயே கூத்து நடத்துனா எப்படி இருக்கும், அதான். மேசையச் சுத்தி நாலு பேரு. மூணு பேரு ஆளுக்கொரு வேசம் எடுத்துக்குவாங்க, ஒருத்தரு போர்வீரன், ஒருத்தரு பூசாரி, அந்த மாதிரி. நாலாவது ஆளு நடத்தறவன். அது நானு. "முன்னால ஒரு கதவு இருக்குது"ம்பேன். அவிங்க, "தெறக்கறேன்"ம்பாங்க. இருபது பட்டை வெச்ச ஒரு பகடை இருக்குது, அத உருட்டோணும். பெருசா உழுந்தா கதவு தெறக்கும், சிறுசா உழுந்தா கையி மாட்டிக்கும். ஊரு, காடு, ராசா, சாமி, பேயி எல்லாத்தையும் நடத்தறவன்தான் எழுதோணும். கம்பெனில வேல செய்யற ஃபெலிக்ஸுன்னு ஒரு பையன் இங்கிலீசு புஸ்தகம் ஒண்ணு கொண்டாந்தான். நானு அதப் பார்த்துப்போட்டு, எதுக்குடா அடுத்தவன் ஊரு சாமின்னு, பன்னெண்டு சாமிய நானே எழுதினேன். ஏழு நோட்டு முச்சூடும் எழுதி வெச்சிருக்கறேன்.

இந்த ஆட்டத்துல கட்டமுன்னு ஒண்ணு உண்டு. ஜாதகத்துக்குப் பன்னெண்டு கட்டம், எங்களுக்கு ஒம்பது. மேல இருந்து கீழ நல்லவன், நடுவாந்தரம், கெட்டவன். இப்பிடிக் குறுக்கால நெறிகாரன், நடுவாந்தரம், தான்தோன்றி. ஆக, நெறியோட நடக்கற நல்லவன் ஒரு கட்டம், இஷ்டத்துக்குத் திரியற கெட்டவன் இன்னொரு கட்டம். ஒவ்வொரு வேசமும் ஏதோ ஒரு கட்டத்துல உக்காரோணும். எத்தன அழகு பாருங்க! ஒரு மனுசன எடுத்து ஒரு கட்டத்துல வெச்சாச்சுன்னா அவன்கிட்ட என்ன எதிர்பார்க்கலாம், என்ன எதிர்பார்க்கக் கூடாதுன்னு தெரிஞ்சு போகுது. ஊருல இருக்கறவிங்களுக்கும் நானு ஒரு நோட்டுல போட்டு வெச்சிருக்கறேன், சும்மா எனக்குன்னு. எம்மச்சான் தான்தோன்றிக் கெட்டவன். எங்க ஃபோர்மேன் நெறிகாரக் கெட்டவன். இந்தக் கண்டக்டரு இருக்காரே, நிறுத்தத்துல நிக்காம அம்பதடி தள்ளி நிறுத்தறாரு பாருங்க, தான்தோன்றி நடுவாந்தரம். உங்களுக்கும் போட்டுட்டேன். சொல்ல மாட்டேன்.

எனக்கா? நடத்தறவனுக்குக் கட்டம் இல்லீங்க. வெளிய நின்னு பார்க்கறவன் உள்ள எப்பிடி உக்கார முடியும்?

சரி, நாயம் எங்கியோ போகுது. மூணு வருசமா ஞாயித்துக்கெழம தவறாம, ரெண்டு மணிக்கு, எங்கூட்டு மாடியில ஆட்டம். ஃபெலிக்ஸு. அப்புறம் மாசிலாமணின்னு வயரிங் வேல செய்யறவரு, நல்ல மனுசன், பேச்சுக் கம்மி. அப்புறம் பூங்கொடி சிஸ்டர். ஒரு ஆஸ்பத்திரில நர்சு, நாப்பது வயசு தாண்டினவிங்க. அவிங்க வேசந்தான் பூசாரி. செங்கமலின்னு பேரு. துலாநாச்சிக்குப் பூசாரி.

துலாநாச்சி ஆருன்னா, கையில தராசு வெச்சிருக்கற ஆத்தா. பன்னெண்டு சாமியில எனக்குப் புடிச்ச சாமி. அவ பூசாரி தொட்டா காயம் ஆறும், காய்ச்சல் எறங்கும். உள்ளங்கையில ஒரு சூடு வரும், அதான் வரம். பதிலுக்கு ஒரே ஒரு நெறி. ஆத்தா பேரச் சொல்லிப் பொய்ச் சத்தியம் பண்ணக்கூடாது. அவ்வளவுதானுங்க! முடியாததா? மீனு தின்னக்கூடாது, மழையில நனையக்கூடாதுன்னு வேற சாமிக்கெல்லாம் கெடக்குது. இந்தாத்தாளுக்கு ஒண்ணே ஒண்ணு. மூணு வருசம் அந்த அம்மா ஒரு சொல்லு பெசகாம ஆடினாங்க. நெறிகார நல்லவங்கற கட்டத்துல நட்டு வெச்ச கல்லாட்டம் இருந்தாங்க.

ஆடி மூணாவது ஞாயித்துக்கெழம வந்துச்சு பாருங்க கெரகம்.

கதைல குகையருன்னு ஒரு கூட்டம். கெட்ட கூட்டம், பொறப்புலயே கெட்டவிங்க, அப்பிடித்தான் எழுதியிருக்கறேன். அதுல ஒருத்தி நெறமாசம். ராசாவோட சேவகரு தொரத்திட்டு வர, ஓடியாந்து துலாநாச்சி கோயலுக்குள்ள பூந்துட்டா. நம்ம செங்கமலி கருவறைக்குள்ள அவளப் படுக்க வெச்சு, கதவச் சாத்திப்போட்டு வாசல்ல வந்து நிக்கறா. சேவகன் கேக்கறான்: "உள்ள குகையரு ஆராச்சும் இருக்கறாங்களா?" நானு என்ன நெனச்சேன்னா, சண்ட போடுவாங்க, இல்ல சமாதானம் பேசுவாங்க. பகடைய எடுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். பூங்கொடி சிஸ்டரு என்ன சொல்றாங்க தெரியுமா? "தட்டுல சூடம் ஏத்துங்க"ங்கறாங்க. ஏத்தியாச்சு. "ஆத்தா மேல சத்தியமா உள்ள ஆருமில்ல"ன்னு சூடத்த அடிச்சு அணைச்சுட்டாங்க!

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சேவகன் கும்பிடு போட்டுட்டுப் போயிட்டான். மத்த ரெண்டு பேரும் கை தட்டறாங்க. நானு சொன்னேன், "சிஸ்டர், உங்க உள்ளங்கையில இருந்த சூடு போயிருச்சு. இனிமே தொட்டா ஒண்ணும் ஆறாது. ஆத்தா வரத்தத் திருப்பி எடுத்துட்டா." நோட்டுல அவிங்க பேர அடிச்சுப்போட்டு தான்தோன்றிக் கட்டத்துல எழுதினேன், அவிங்க கண்ணு முன்னாலயே.

மாசிலாமணி கேட்டாரு, "ஏனுங்கண்ணா, ஒரு உசுர, ரெண்டு உசுரக் காப்பாத்தினதுக்கா?"

"அது குகையர் உசுரு மாசிலாமணி. பொறப்புலயே கெட்டது."

"பொறப்புலயே கெட்டதுன்னு எங்க எழுதியிருக்குது?"

"நோட்டுல."

"ஆரு எழுதினது?"

"நான்தான் எழுதினேன். பின்ன ஆரு எழுதுவா?"

அவரு, "எங்கப்பாகிட்டயும் இதயேதான் சொன்னாங்க, எங்கூர்ல"ன்னு மெதுவாச் சொல்லிட்டு கீழ எறங்கிப் போயி, வண்டிகிட்டச் சித்த நேரம் நின்னுட்டு வந்தாரு. அதுக்கு எதுக்குங்க மூஞ்சியத் தூக்கோணும்? நானு குகையரத்தான சொன்னேன், அவரையா சொன்னேன்? இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

பூங்கொடி சிஸ்டரு அழுகலீங்க. அழுதிருந்தாக்கூட எனக்கு மனசு எறங்கியிருக்கும். அவிங்க எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்க: "ஏனுங்கண்ணா, நேத்து ஆஸ்பத்திரில ஒரு வயசான அம்மா, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கறாங்க. மகன் வந்துட்டு இருக்காருன்னு சொன்னேன். மகன் வரல, ஃபோனே எடுக்கல. அந்த அம்மா சிரிச்சுட்டே கண்ண மூடுனாங்க. எனக்கு எந்தக் கட்டம்?" "சிஸ்டர், கட்டம் ஆட்டத்துல மட்டுந்தான்"னு சொல்லிட்டேன். ஆனா அன்னிக்குப் பொழுதோட, ஊருல இருக்கறவிங்களுக்குப் போட்ட அந்த இன்னொரு நோட்டுல அவிங்க பேரையும் மாத்தித்தான் எழுதினேன். பொய்யி பொய்யிதானுங்களே.

அடுத்த வாரம் வந்தாங்க. நானு நாப்பது பக்கம் எழுதி வெச்சிருந்தேன். பாம்புச் சொரங்கம். உள்ள ஏழு வாசல், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு விடுகத, கடைசில அஞ்சுதல நாகம். ரெண்டு மாசத்து வேல தம்பி அது! "சொரங்கத்து வாசல் தெரியுது"ங்கறேன். பூங்கொடி சிஸ்டரு, "நாங்க வரல"ங்கறாங்க. என்ன பண்றீங்கன்னு கேட்டா, கோயலப் பூட்டறாங்களாமா. வெளக்குக் கெடையாது, பூசை கெடையாது, நோம்பி கெடையாது. ஆத்தா வரத்தத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் வாசல்ல உக்காந்துக்கறாங்களாமா. உக்காந்து, ஆத்தாளத் திட்டறாங்க! "ஏண்டி ஆத்தா, தராசப் புடிச்சிருக்கறியே, கண்ணு இருக்குதா உனக்கு? புள்ளத்தாச்சியக் காட்டிக் குடுத்திருந்தா உனக்கு இனிச்சிருக்குமா? பட்டினி கெட! ஒரு சொட்டு எண்ணெ குடுக்க மாட்டேன்!" மாசிலாமணி கூடச் சேர்ந்துக்கறாரு. ஃபெலிக்ஸு கிறிஸ்தவப் பையன், அவனுக்கென்னங்க தெரியும், அவனும், "வரட்டும் ஆத்தா, பார்த்துக்கலாம்"ங்கறான்.

இங்கிலீசுப் புஸ்தகத்துல இப்பிடி ஒண்ணு இல்லீங்க தம்பி. சாமி கோவிச்சுக்கிட்டா பூசாரி போயி விழுந்து கும்பிடுவான், பரிகாரம் பண்ணுவான், அப்பிடித்தான் போட்டிருக்குது. பூசாரி சாமியவே பூட்டி வெச்சா என்ன பண்றதுன்னு எவனும் எழுதல. சாமி கும்பிடறவன் சாமியத் திட்டினா அது எந்தக் கட்டமுங்க? நல்லவனா, கெட்டவனா? பக்தியா, துரோகமா? நானும் பொரட்டிப் பொரட்டிப் பார்க்கறேன், கட்டமே கெடைக்கல. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம்! மூணு ஞாயித்துக்கெழம. மூணு! என்னோட அஞ்சுதல நாகம் உள்ள குத்த வெச்சு உக்காந்திருக்குது, இவிங்க வெளிய உக்காந்துக்கிட்டு ஆத்தாளப் பேசிட்டு இருக்கறாங்க, எங்கூட்டு வடையத் தின்னுக்கிட்டு.

நாலாவது வாரம் மாசிலாமணிதான் எடுத்தாரு. "அண்ணா, வரம் போச்சுன்னு சொன்னது நீங்க. ஆத்தா சொல்லல. ஆத்தாகிட்டப் பூ கேப்போம்"னாரு.

பூவாக்கு உங்களுக்குத் தெரியுமில்ல? கரூருக்காரரு தெரியாம இருப்பீங்களா. கல்யாணமோ, கோயல் நோம்பி சாட்டறதோ, வெள்ளப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரி மடிச்சு சாமி முன்னால போடுவாங்க. ஒண்ண எடுப்பாங்க. வெள்ளன்னா சரி, செவப்புன்னா வேண்டாம். பிரிச்ச பூவுக்கு மேல பேச்சில்ல. சரின்னேன். வெள்ள வந்தா வரம் திரும்பும், செவப்பு வந்தா போனது போனதுதான். அதுக்கப்புறம் ஆரும் வாயத் தெறக்கக்கூடாது, சொரங்கத்துக்குள்ள போகோணும். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

கீழ போயி எங்கூட்டுக்காரி கோகிலாகிட்டச் சொன்னேன். அவளுக்கு இந்த ஆட்டமே ஆகாது, மாடிப்பக்கம் வடத் தட்டு கொண்டாரதோட சரி. ஆனா பூ கேக்கறதுன்னதும், "வெளக்கு ஏத்தாம கேக்கக்கூடாது"ன்னு பூசை ரூமுலயே ஏற்பாடு பண்ணிட்டா. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தா. பூங்கொடி சிஸ்டரு கண்ண மூடிக் கை கூப்பி நிக்கறாங்க. ஃபெலிக்ஸு ஓரமாச் செருப்பக் கழட்டிப்போட்டு நிக்கறான். கோகிலா கண்ண மூடி ஒரு பொட்டலத்த எடுத்தா. பிரிச்சா. செவப்பு.

பல்லடம் வந்துருச்சுங்களா? எறங்கி டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி.

பொட்டலம் மடிச்சது நானுங்க. நடத்தறவந்தான மடிக்கோணும். தோட்டத்துல போயி அரளி பறிச்சேன். ரெண்டுலயும் செவப்பத்தான் வெச்சேன்.

ஏனுங்க, அப்பிடிப் பார்க்கறீங்க? தப்பான சரக்குக்குப் பச்சச் சீட்டு ஒட்டுவனா நானு? பொய்ச் சத்தியம் பண்ணா வரம் போகோணும், அது நெறி. அதப் போயி குருட்டாம்போக்குல ஒரு பூவுகிட்ட உட முடியுங்களா? வெள்ள உழுந்துட்டா நெறி என்னத்துக்கு ஆகறது? தராசு என்னத்துக்கு ஆகறது? துலாநாச்சிகிட்ட நெசமாவே கேட்டிருந்தாலும் அவ செவப்புத்தான் சொல்லியிருப்பா. எனக்குத் தெரியாதுங்களா? அவள எழுதினவன் நானு.

பூங்கொடி சிஸ்டரு என்ன பண்ணாங்க தெரியுமா? அந்தச் செவப்புப் பூவ எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. "ஆத்தா வாக்கு"ன்னாங்க. ஒரு மொணகல் இல்ல. அன்னிக்கே கோயலத் தெறந்தாங்க, வெளக்கு ஏத்தினாங்க, சொரங்கத்துக்கு வந்தாங்க. கையில வரமில்லாத பூசாரி. சுடுதண்ணி வெச்சு, துணியக் கிழிச்சுக் கட்டுப் போட்டு, மஞ்சப் பத்துப் போட்டு, அப்பிடியே மத்த ரெண்டு பேரையும் ஏழு வாசலுங் கூட்டிட்டுப் போனாங்க. நாகத்தக்கூட செயிச்சுட்டாங்க. ஆட்டம் அப்பத்தான் தம்பி ஆட்டமாட்டம் இருந்துச்சு. எனக்கு அத்தன சந்தோசம். பார்த்தீங்களா, செவப்புக் குடுத்தது நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்.

கார்த்திகை. தீபத்துக்கு முந்தின ஞாயித்துக்கெழம. அந்தக் குகையர் பொம்பளையும் அவ பெத்த புள்ளையும் ஆத்தத் தாண்டி அவிங்க சனத்துகிட்டப் போகோணும். செங்கமலி கொண்டுபோயி உடறேன்னு கூட்டிட்டுப் போறா. அக்கரையில இருந்து ஒரு அம்பு. பகடை உருட்டினேன், பத்தொம்பது. நெஞ்சுல எறங்கிருச்சு. முன்ன மாதிரி இருந்தா அவ கையி அவ நெஞ்சத் தொட்டா ஆறிப்போகும். இப்ப ஒண்ணும் ஆகாது. ஃபெலிக்ஸு துடிக்கறான், "சிஸ்டர், ஆட்டத்து விதில இருக்குது, வேற சாமிகிட்ட மாறிக்கலாம், குகையர் கும்பிடற குகைச்சாமி கேட்டா வரங் குடுக்கும், ஒரு வார்த்த சொல்லுங்க!" ஆமா, விதில இருக்குது. நானே எழுதினதுதான்.

அவிங்க சொன்னாங்க, "பூவுல கேட்டாச்சு. அவ வேண்டாமுன்னு சொல்லிட்டா. அதுக்குன்னு வேற ஆளப் பார்க்கறதா?" அப்புறம், மேல பார்த்து, "சரி ஆத்தா, நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்"னாங்க. செங்கமலி செத்துப்போனா.

மாசிலாமணி கண்ணத் தொடைக்கறாரு. நானும் கண்ணத் தொடைச்சுக்கிட்டேன், பொய் சொல்லல. அப்ப ஒரு வார்த்த நான் சொல்லியிருக்கலாம். வாயி வரைக்கும் வந்துச்சு. ஆனா எப்பிடிச் சொல்றது? சொன்னா மூணு மாசத்து ஆட்டம் முச்சூடும் பொய்யாப் போயிருமேன்னு இருந்துட்டேன்.

அந்நேரம் பார்த்துக் கோகிலா மேல வந்தா. வடத் தட்டு இல்ல. கையில ஒரு பொட்டலம். எடுக்காத பொட்டலத்தப் பிரிக்காம கெணத்துல போடோணும், அதான் வழக்கம். அன்னிக்குப் பூ எடுத்தப்ப அவளத்தான் எங்கியாச்சும் போடச் சொன்னேன். எங்கூட்டுல கெணறு மூடிப் பல வருசமாச்சு. கண்ட எடத்துல போட்டா கால்ல மிதிபடுமுன்னு சாமி படத்துக்குப் பின்னால சொருகி வெச்சிருக்கறா. தீபத்துக்கு அலமாரியத் தொடைக்கறப்ப அது அவுந்து போச்சு. மேசை மேல, என்னோட ஒம்பது கட்டத்து மேல கொட்டினா. காஞ்சு சருகாப் போயிருந்துச்சு. ஆனா செவப்பு செவப்புதானுங்களே.

"அண்ணா, ரெண்டுலயுமா?"ன்னாரு மாசிலாமணி.

நானு, "இது வெளையாட்டுத்தான"ன்னேன். கோகிலா சொன்னா, "வெளையாட்டுன்னா எதுக்கு எங்கையால எடுக்க வெச்சீங்க? வெளக்கு ஏத்தி நின்னனே. என்னையும் பொய் சொல்ல வெச்சுட்டீங்களே"ன்னு. அதுதான் அவ எங்கிட்ட முழுசாப் பேசின கடைசிப் பேச்சு.

பூங்கொடி சிஸ்டரு அந்தச் சருகையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் எங்கிட்டக் கேட்டாங்க. கோவமே இல்ல தம்பி, கோவமா இருந்தாக்கூடத் தாங்கிக்குவேன். வார்டுல நோயாளிகிட்டக் கேக்கற மாதிரி மெதுவா: "அப்ப ஆத்தா என்னைய மன்னிச்சிருந்தாளா, இல்லையாங்கண்ணா?"

நானு என்ன சொல்லோணும் சொல்லுங்க? "சிஸ்டர், அந்த ஆத்தாளே நான்தானுங்க"ன்னேன். நெசந்தான? அவிங்க கைப்பைய எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிட்டாங்க. பொறகால ரெண்டு பேரும் போயிட்டாங்க.

அதோட சரி. தை பொறந்துருச்சு, ஒருத்தரும் வரல. ஃபோன் பண்ணா ஃபெலிக்ஸு "வேல இருக்குதுங்கண்ணா"ங்கறான். மாசிலாமணி, "சிஸ்டர் வந்தா நானும் வாறேன்"கறாரு. ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு அந்த மாடியில நாலு சேரு போட்டு, பகடைய எடுத்து வெச்சுட்டு ஒத்தையில உக்காந்து பாருங்க தம்பி, அப்பத் தெரியும். அஞ்சு வாரம் அப்பிடி உக்காந்தேன். "முன்னால ஒரு கதவு இருக்குது"ன்னு வாய்விட்டுக்கூடச் சொல்லிப் பார்த்தேன். தெறக்கறேன்னு சொல்ல ஆளில்ல. பொக்குனு போச்சுங்க. வாரத்துல ஆறு நாளு ஊசித்தொள தேடறவனுக்கு அந்த ஒரு மத்தியானந்தான் பொழப்பு. அது எனக்கு வேணுமுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

அதுக்குத்தான் இந்தப் பை. சிஸ்டரோட அம்மா ஊடு காங்கயம். லீவு போட்டு வந்திருக்கறாங்கன்னு மாசிலாமணி சொன்னாரு. நேராப் போறேன். கால்ல உழுகறதுன்னாலும் சரி. இந்தத் தடவ அவிங்களே எடுக்கட்டும், அவிங்க கையாலயே. வெள்ள வந்தா செங்கமலி எந்திரிச்சு உக்காருவா, கையில சூடு திரும்பும், வர்ற ஞாயித்துக்கெழம ஆட்டம். செவப்பு வந்தா, இனிமே அவிங்க பக்கம் தலவெச்சுப் படுக்க மாட்டேன்.

செவப்பு வந்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறீங்களா?

வராதுங்க. அந்தத் தப்ப மறுபடியும் பண்ணுவனா நானு? ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சிருக்கறேன்.

ஏனுங்க, மூஞ்சியத் திருப்பிக்கறீங்க? இந்தத் தடவ நல்லதுக்குத்தானுங்க! அவிங்களுக்கு நல்லது, எனக்கு நல்லது, ஆத்தாளுக்கும் நல்லது. எடுக்கறப்ப அவிங்க மனசு குளுந்து போயிருமில்ல?

என்ன சொல்றீங்க? ரெண்டாவதையும் பிரிச்சுக் காட்டச் சொன்னாவா?

அட கெரகமே. அத நானு ரோசன பண்ணவே இல்லீங்களே. கேப்பாங்க. கண்டிப்பாக் கேப்பாங்க, ஒருக்கா ஏமாந்தவிங்க. மத்ததையும் பிரிங்கண்ணான்னா என்ன பண்றது? ஒண்ணுல செவப்பு வெக்கறதா? இங்க எங்க போயி அரளி தேடறது? அப்பிடியே கெடச்சாலும், செவப்ப வெச்சு அதையே எடுத்துட்டாங்கன்னா? அதுக்கு எனக்குத் தகிரியம் இல்லீங்க தம்பி.

காங்கயம் வந்துருச்சு. அந்த ஆளு மறுபடியும் தள்ளித்தான் நிறுத்துவான். சித்த எந்திரிச்சு வழி உடுங்க.

இல்ல, இருங்க. இந்தாங்க, இந்த ஒரு பொட்டலத்த நீங்களே கொண்டு போங்க. புடிங்க தம்பி, பூவுதான, வேண்டாமுன்னு சொல்லாதீங்க. கரூர்ல ஏதாவது கோயல்ல வெச்சுருங்க. ரெண்டுதான் கொண்டாந்தேன் சிஸ்டர், பஸ்ஸுல ஒண்ணு தவறி உழுந்துருச்சு, மிச்சம் நின்னது இதுதான், அதுவே ஆத்தா வாக்குன்னு சொல்லிக்கறேன். பூசை ரூமுல வெச்சே சொல்றேன், கேட்டா சூடம் அணைச்சும் சொல்றேன்.

பொய்யுங்களா? நானு சொன்னா அது பொய்யில சேராதுங்க. நடத்தறவனுக்குத்தான் கட்டமே இல்லீங்களே.